மேலே போகாத லிஃப்ட்

தீவிடைத் தொடர்பு அமைச்சகத்தில் கப்பல் எந்திரப் பரிசோதகர் பதவி மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருந்தது. ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்த ஆட்கள் எல்லோரும் யாருக்காவது சொந்தமாக இருந்தார்கள்.

காரணம், உறவு ஒழிப்புச் சுற்றறிக்கை. தேர்வுக் குழுவில் உள்ள எவருக்கும், எந்த வழியிலும், எத்தனை தலைமுறைக்கு அப்பாலும் உறவாக இருப்பவர் அமைச்சகப் பணிக்குத் தகுதியற்றவர் என்று அது அறிவித்தது. நல்ல சுற்றறிக்கைதான். முன்பு இருந்த ஒரு செயலாளர் தன் மனைவியின் தம்பிகள் ஐந்து பேரையும் ஒரே கலங்கரை விளக்கத்துக்குக் காவலர்களாக நியமித்திருந்தார். அந்த விளக்கு அணைந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஆனால் எங்கள் தீவுகளின் தலைநகரான சுவாவில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்து அம்மாவின் ஊரை. மூன்றாவது கேள்விக்குள் ஓர் உறவு அகப்பட்டுவிடும். அகப்படும்வரை பேச்சு தொடங்காது. எதிரே இருப்பவர் மச்சான் முறை என்றால் மண்டையில் குட்டலாம், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். மாமன் முறை என்றால் பணிந்து உட்கார வேண்டும். அண்ணன் தங்கை முறை என்றால் நேருக்கு நேர் பேசவே கூடாது. எந்த முறை என்று தெரியாமல் ஒரு மனிதர் எப்படி வாயைத் திறப்பார்?

ஆகவே நேர்காணலுக்கு வந்தவர்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தகுதி இழந்தார்கள். தேர்வுக் குழுத் தலைவரான இயக்குநர் இலிசோனி ஒவ்வொரு முறையும் ஓர் உறவினரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடும் ஒரு விண்ணப்பதாரரை இழந்த துக்கத்தோடும் வீட்டுக்குப் போனார். இரண்டும் சேர்ந்து அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது.

நான் அந்த அமைச்சகத்தின் வாசல் காவலாளி. பெயர் வேலாயுதன். கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட வந்தவர். எங்கள் ஆட்களில் எந்திரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சிட்னிக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்டார்கள். தெரியாதவர்களில் நான் மிச்சம். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நான் சொந்தமில்லை. அது ஒரு தகுதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் எமோசி வந்தார்.

எமோசி ‘லேடி அனாசீனி’ என்ற பயணிகள் கப்பலில் ஒன்பது வருடம் எந்திரம் பார்த்தவர். கப்பல் கைமாறியபோது புது முதலாளியிடம் போய், பம்பு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். முதலாளி செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எமோசியை மாற்றினார். எமோசியின் மனைவி கெலெரா எங்கள் வாசலில் மதியச் சாப்பாடு விற்பவள். மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன். மேசைக்கு அடியில் ஒரு கூடையில் குழந்தை கிடக்கும்.

"வேலண்ணே, உள்ள ஏதாவது அசையுதா?" என்று எமோசி கேட்பார்.

"மின்விசிறி அசையுது, தம்பி."

"இவரு ஆஸ்திரேலியாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போறாராம் அண்ணே," என்றாள் கெலெரா. "கப்பல் எஞ்சினைப் பிரிச்சு மாட்டுற கை. ஆப்பிளையும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் பறிப்பாரு போல."

"வேற வழி சொல்லேன்."

"போனா ஒம்பது மாசம். இன்னும் ரெண்டு மாசத்துல புள்ளை எழுந்து நடக்கும். யாரைப் பார்த்து நடக்கும்? என் மீன் சட்டியப் பார்த்தா?"

விமானச் சீட்டு வந்துவிட்டிருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்குள் இங்கே வேலை கிடைத்தால் எமோசி தங்குவார். கிடைக்காவிட்டால் ஆப்பிள். இவ்வளவுதான் விஷயம். இதில் சிக்கலான எதுவும் இல்லை. சிக்கல் எங்கள் கட்டடத்துக்குள் இருந்தது.

விண்ணப்பம் கொடுக்க உள்ளே வந்த முதல் நாளே அது தெரிந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவள் மெரெசேனி. எமோசியின் பெரியப்பா மகள். அவள் வெறும் எழுத்தர், தேர்வுக் குழுவில் இல்லை. ஆகையால் சுற்றறிக்கைக்கு அவளால் பாதகமில்லை. ஆனால் எமோசியைப் பார்த்ததும் அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேலண்ணே, வந்திருக்கறவர்கிட்ட சான்றிதழ் மூணு நகல் வேணும்னு சொல்லுங்க."

வந்திருக்கிறவர் என் முழங்கையில் இடித்துக்கொண்டு நின்றார்.

"எமோசி, மூணு நகல்."

"ரெண்டுதான் இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"மெரெசேனி, ரெண்டுதான் இருக்காம்."

"சரி, ரெண்டைக் குடுக்கச் சொல்லுங்க."

"கேட்டுச்சுல்ல, அப்படியே பேசித் தொலைங்களேன் ரெண்டு பேரும்," என்றேன்.

"அவர் சொன்னது எனக்குக் கேக்கக் கூடாது அண்ணே. நீங்க சொன்னீங்க, இப்பக் கேட்டுச்சு," என்றாள் சுவரிடம்.

அந்த மாதம்தான் கான்பெராவிலிருந்து டாக்டர் பெலிண்டா ஸ்டாக் வந்து இறங்கினார். நிதி உதவி செய்யும் அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது. மூன்று ஆண்டுகளாக ஒரு பதவியை நிரப்ப முடியாத அமைச்சகம் என்று எங்கள் பெயர் அங்கே வரை போயிருந்தது. பெலிண்டா இரண்டு நாள் கோப்புகளைப் படித்தார். மூன்றாம் நாள் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். வாசலில் யாரும் இல்லாதபோது காவல் எதற்கு என்று நானும் போய் உட்கார்ந்தேன்.

"உலகம் முழுக்க நூற்றுக்கு எண்பது வேலைகள் விளம்பரம் இல்லாமலே நிரம்புகின்றன," என்றார். "தெரிந்தவர்கள் மூலமாக."

"இங்கயும் அப்படித்தான் நிரம்பிச்சு மேடம்," என்றார் இயக்குநர். "அதைத்தான் தடை பண்ணிட்டாங்க."

"இல்லை. உங்களிடம் இருந்தது உறவு. உங்களுக்குத் தேவை தொடர்பு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"உறவு என்பது ஊழல். தொடர்பு என்பது திறன்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தொழில்முறைத் தொடர்பு விதிகள் வெளியாயின. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் இருபது தொழில்முறைத் தொடர்புகளைக் காட்ட வேண்டும். தொடர்பு என்றால் நன்கு தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் சொந்தமாக இருக்கக் கூடாது. பழைய சுற்றறிக்கையும் செல்லும். ஆக, வேலை வேண்டுபவர் எல்லோருக்கும் தெரிந்தவராகவும் எவருக்கும் சொந்தமில்லாதவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஜீவன் எங்கள் தீவுகளில் உண்டா என்று பெலிண்டா யோசிக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தேநீருக்கு நேரமாகிவிட்டது.

பயிற்சி வகுப்பு பெரிய கூடத்தில் நடந்தது. சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டு நாற்பது பேர் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். ஊர் கேட்கக் கூடாது. அம்மாவைப் பற்றிப் பேசக் கூடாது.

மணி அடித்தது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் கழிந்தது. மணி அடித்தது. நகர்ந்தார்கள். மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் துணிந்து, "மழை வரும்போல இருக்கு," என்றார். எதிரே இருந்தவர் நன்றியோடு தலையாட்டினார். மூன்றாவது சுற்றில் மெரெசேனிக்கு எதிரே எமோசி வந்து சேர்ந்தார். இருவரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். பெலிண்டா அதைப் புகைப்படம் எடுத்து, புதுமையான அணுகுமுறை என்று கான்பெராவுக்கு அனுப்பினார்.

பிறகு அட்டை. வேலை தேடுபவர் கையில் பெயர் அச்சிட்ட அட்டை இருக்க வேண்டும் என்றார்கள். சுவாவின் அச்சுக் கடைகளுக்கு அப்படி ஒரு மாதம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. பேருந்து நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அட்டையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எமோசியும் அடித்தார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று தெரியவில்லை. அச்சுக் கடைக்காரரே ‘எந்திரத் தீர்வுகளின் முன்னோடி’ என்று போட்டுக் கொடுத்தார்.

கெலெரா அட்டைக் கட்டைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள்.

"இதை வெச்சு மீன் வறுக்க முடியுமா?"

"பத்து பேர்கிட்ட குடுத்தா ஒருத்தர் கூப்பிடுவாங்களாம்."

"நீ கப்பல்ல இருந்தப்ப ஒரு அட்டையும் கிடையாது. நாலு தீவுலேருந்து கூப்பிட்டாங்க, எஞ்சின் நின்னுபோச்சு வாப்பான்னு."

"அது வேலை இருந்தப்ப. இது வேலை இல்லாதப்ப."

"அதான் பார்க்கறேனே. வேலை இல்லாதப்பதான் வேலை ஜாஸ்தியா இருக்கு," என்று ஓர் அட்டையை எடுத்து மீன் தட்டிலிருந்து ஈயை விரட்டினாள்.

பயிற்சியின் உச்சம் லிஃப்ட் உரை.

"பெரிய அதிகாரி ஒருவரோடு லிஃப்டில் ஏறுகிறீர்கள்," என்றார் பெலிண்டா. "அவர் இறங்குவதற்குள் நீங்கள் யார், உங்கள் திறமை என்ன என்று அவருக்குப் புரிய வேண்டும். ஒரு நிமிடம்தான்."

இயக்குநர் கையைத் தூக்கினார். "எங்ககிட்ட லிஃப்ட் இல்லையே மேடம்."

"அது ஒரு கற்பனைதான்."

ஆனால் கூட்டக் குறிப்பில் ‘லிஃப்ட் இல்லாமை ஒரு குறைபாடாகச் சுட்டிக்காட்டப்பட்டது’ என்று பதிவானது. குறிப்பு கான்பெரா போனது. கான்பெராவிலிருந்து நிதி வந்தது. எங்கள் கட்டடம் இரண்டே தளம். மேல்தளம் தாங்காது என்று பொறியாளர் கையை விரித்தார். வந்த நிதியைத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை வராது. ஆகவே திட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் பெட்டி. இரண்டாம் கட்டத்தில் கயிறும் மோட்டாரும்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், ஒட்டுப்பலகையால் ஒரு பெட்டி எழுந்தது. உள்ளே ஒரு பச்சை விளக்கு. ‘அதிகபட்சம் நான்கு பேர்’ என்று ஒரு பலகை. அதை இயக்க ஆள் வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத ஆளாக இருப்பது நல்லது என்று முடிவாகி, என்னைப் போட்டார்கள். என் வேலை கதவைச் சாத்துவது, பச்சை விளக்கைப் போடுவது, கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் பார்ப்பது, கதவைத் திறப்பது. ஏறினவர்கள் ஏறின இடத்திலேயே இறங்குவார்கள். இயக்குநர் தினமும் காலையில் மாடியிலிருந்து படியில் இறங்கி வந்து, லிஃப்டில் ஏறி, விண்ணப்பதாரர்களின் உரைகளைக் கேட்டுவிட்டு, படியேறி மேலே போவார். மூச்சு வாங்கும். "மேல போயிட்டு வர்றது லேசுப்பட்ட காரியமில்ல வேலு," என்பார்.

தொடர்புகளுக்குச் சாட்சிக் கையெழுத்து போடும் பொறுப்பும் என்னிடம் வந்தது. இருபது தொடர்புகள் என்ற எண்ணிக்கையை ஒருவராலும் எட்ட முடியவில்லை. தெரிந்தவர்களைத் தேடிப் போனால் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்து எவருக்கும் சொந்தமில்லாத ஒரே ஆள் நான்தான் என்று கண்டுபிடித்தார்கள். விண்ணப்பங்கள் அத்தனையிலும் முதல் தொடர்பாக என் பெயர் ஏறியது. காலையில் வாசலில் வரிசை நின்றது. சும்மா வரவில்லை. ஒரு பெரியவரிடம் பேச்சைத் தொடங்கும்போது கரைத்துக் குடித்தால் லேசாக மயக்கும் கவா வேர் ஒரு கட்டு வைப்பது இங்கே மரியாதை. அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று விதி இருந்தது. மரியாதை வாங்கக் கூடாது என்று விதி இல்லை. என் வீட்டுப் பின்கட்டு வேரால் நிறைந்தது. மனைவி அலமாரியை வெளியே எடுத்துப் போட்டாள்.

எமோசியின் லிஃப்ட் உரை, விமானத்துக்கு முந்தைய புதன்கிழமை காலை வந்தது.

வாசலில் கெலெரா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஊர் பேரை மட்டும் சொல்லிடாத. உங்கம்மா பேரையும் எடுக்காத. எஞ்சினைப் பத்தி மட்டும் பேசு. எவ்வளவு கேட்டாலும் எஞ்சின்."

"தெரியும்டி."

"உனக்குத் தெரியும். உன் வாய்க்குத் தெரியாது."

பெட்டிக்குள் நாலு பேர். இயக்குநர், மதிப்பிட வந்த பெலிண்டா, நான், எமோசி. கதவைச் சாத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. எமோசி உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வயதில் பெரிய அதிகாரி முன்னால் நின்றுகொண்டு பேசினால் எமோசியைப் பெற்றவர்களைத்தான் ஊர் திட்டும்.

"லிஃப்டில் யாரும் உட்காருவதில்லை," என்றார் பெலிண்டா.

"எங்க லிஃப்டுல உட்காருவோம் மேடம்," என்று இயக்குநரும் இடுப்பில் கட்டியிருந்த சுலுவை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். எங்கள் தலைகளுக்கு மேல் தனியாக நிற்க முடியாமல் பெலிண்டாவும் உட்கார்ந்தார்.

எமோசி தொடங்கினார். நன்றாகவே தொடங்கினார். எந்திரத்தின் சத்தத்தை வைத்து எந்த வால்வு கோளாறு என்று சொல்வது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பச்சை விளக்கு அணைந்தது. கட்டடம் முழுக்க மின்சாரம் போய்விட்டது.

நான் கதவைத் திறக்கப் போனேன்.

"வேலு! கையை எடு!" என்றார் இயக்குநர். "விதி ஒம்பது."

லிஃப்ட் இயக்க விதிகளில் அவர்தான் கையெழுத்திட்டிருந்தார். வேறு எங்கோ உள்ள லிஃப்டின் விதிகளை அப்படியே தருவித்திருந்தார்கள். ஒன்பதாவது விதி: மின்தடையின்போது லிஃப்ட் தளங்களுக்கு இடையில் நின்றுவிட்டதாகக் கருத வேண்டும். கதவைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

"சார், நாம தரையிலதான இருக்கோம்," என்றேன்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியுமா?"

பெலிண்டா ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் திட்டத்துக்கு வந்த லிஃப்ட் என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். குறிப்பேட்டில் ‘விதி ஒன்பது’ என்று எழுதிக்கொண்டார்.

அரை மணி போனது. மின்சாரம் வரவில்லை. நாலு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தால் நடுவில் ஒரு பாத்திரம் இல்லாமல் எப்படி? இயக்குநர் பலகையைத் தட்டினார். வெளியே மெரெசேனி வந்தாள்.

"அலுவலக நேரத்துல கவா கூடாதே சார்," என்றாள்.

"லிஃப்ட் நின்னிருக்கற நேரம் அலுவலக நேரமில்லம்மா. அது விபத்து நேரம்."

கதவுக்கு மேலே ஒரு முழ இடைவெளி இருந்தது. அதன் வழியாகக் கரைத்த கவா ஒரு வாளியில் இறங்கியது. பின்னால் ஒரு சிரட்டை.

முதல் சுற்று. கைதட்டி வாங்கிக் குடித்தோம். இரண்டாவது சுற்றில் பெலிண்டாவின் உதடு மரத்துப்போனது. நான் அவரிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"மேடம், உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுது?"

"என் கணவரோடு படித்தவர் அந்த அலுவலகத்தின் தலைவர். ஒரு விருந்தில் சொன்னார்."

"அப்ப அவரு உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றார் இயக்குநர்.

"முறையெல்லாம் இல்லை. தொடர்பு."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச ஜனங்க. முறையே இல்லாம எவ்வளவு வேலை நடக்குது!"

நாலாவது சுற்றில் அவரால் பொறுக்க முடியவில்லை. எமோசி பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

பெலிண்டா கையை உயர்த்தினார். தூக்கிய கையைக் கீழே போட அவருக்குத் தெரியவில்லை. கவா அப்படி வேலை செய்திருந்தது.

"சுவாதான் சார்," என்றார் எமோசி.

"அதுக்கு முன்ன?"

"சுவா பஸ் ஸ்டாண்டு சார்."

"அப்பா?"

"அப்பாவும் எஞ்சின் பத்தி நல்லாப் பேசுவாரு சார்."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். அவருடைய அவஸ்தையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு மனிதரோடு நாலு சிரட்டை குடித்தாகிவிட்டது, அவரைத் திட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் ஐந்தாவது சிரட்டையை வாங்கி வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மோவாலாத் தீவு ஆளுங்க இருக்காங்களே, மீன் பிடிக்கப் போனா வலையை வீட்டுல வெச்சுட்டுப் போவாங்க."

எமோசி அணைந்த விளக்கைப் பார்த்தார்.

"திரும்பி வந்து, மீன் எங்கன்னு கேட்டா, கடல்லதான் இருக்கும்பாங்க."

எமோசியின் கழுத்து நரம்பு ஒன்று ஆடியது.

"ஆம்பளைங்கதான் அப்படின்னா பொம்பளைங்க சமையல் அதைவிட. மோவாலாப் பொம்பளை வெச்ச மீன் குழம்பை நாய் மோந்து பாத்துட்டு, வேற நாயைக் கூட்டிட்டு வந்து காட்டுமாம்."

"எங்கம்மா மோவாலாதான்!" என்றார் எமோசி. "அந்த மாதிரி மீன் குழம்பு உங்க வம்சத்துல எவனும் தின்னிருக்க மாட்டான்!"

இயக்குநர் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"பேரு?" என்றார் இயக்குநர் மெதுவாக.

எமோசி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நேரம் கடந்துவிட்டது. "உனைசி," என்று விரல்களுக்கு இடையிலிருந்து வந்தது.

"எங்கப்பாவோட தங்கச்சி! நாங்களும் மோவாலாதான்டா! அடேய், அத்தை மவனே!" இயக்குநர் எமோசியின் மண்டையில் குட்டினார். மிச்சக் கவாவை அவர் தலையில் ஊற்றினார். தோளைப் பிடித்து உலுக்கினார். "கண்டாவுத் தீவுக்காரனைக் கட்டிக்கிட்டுப் போனாளே, அவ மவனா நீ! கப்பல் எலி! எங்கடா போயிருந்த இத்தனை வருஷமா?"

பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்துவிட்டது. நான் கதவைத் திறந்தேன். வெளியே மெரெசேனி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்கக் கூடாது.

மூன்று ஆண்டுகளாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். அதே காரணத்தால் தகுதி இழந்துவிட்டார். இயக்குநர் அன்று மாலைவரை எமோசியின் கையை விடவில்லை.

"மச்சான், உன்ன மாதிரி எஞ்சின் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுலயே இல்லை. நான் என்ன செய்வேன்?"

"நீங்க குழுவுலேருந்து விலகிடுங்களேன்."

"விலகினா என் எடத்துக்குத் துணை இயக்குநர் வருவாரு. அவரு உங்கம்மாவுக்குத் தம்பி முறை."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எப்படி ஒரே ஆபீஸுல?"

"நாங்க சுற்றறிக்கைக்கு முன்னாடியே சேர்ந்தவங்கடா," என்றார் இயக்குநர், மச்சானின் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு.

மறுநாள் பெலிண்டா எல்லா விண்ணப்பங்களையும் கணினியில் போட்டுப் பார்த்தார். யாருக்கு அதிகத் தொழில்முறைத் தொடர்புகள், யாருக்குக் குழுவோடு உறவில்லை என்று இரண்டே கேள்விகள். ஒரே ஒரு பெயர் வந்தது. என்னை மேலே கூப்பிட்டார்கள். படியேறிப் போனேன்.

"நான் விண்ணப்பமே போடலையே சார்," என்றேன்.

"எண்பது சதவீத வேலைகளுக்கு விளம்பரமே கிடையாது," என்றார் பெலிண்டா. "விளம்பரம் இல்லாத வேலைக்கு விண்ணப்பம் எப்படி இருக்கும்?"

"எனக்கு எஞ்சின்னா சத்தம்னு மட்டும்தான் தெரியும்."

"திறமையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். தொடர்பை யாரும் கற்றுத்தர முடியாது."

நான் மறுத்தேன். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை மறுப்பதற்குள் சம்பளத்தைச் சொல்லிவிட்டார்கள். மாலையில் எனக்கு அட்டை அச்சாகி வந்தது. பெயருக்குக் கீழே ‘கப்பல் எந்திரப் பரிசோதகர்’. பளபளப்பான தாள்.

வெள்ளிக்கிழமை எமோசி பையோடு வாசலுக்கு வந்தார். குழந்தையைக் கூடையிலிருந்து தூக்கி, தரையில் நிறுத்திப் பார்த்தார். அது இரண்டு கையாலும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. விட்டதும் உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, அடுத்த வாரம் லேடி அனாசீனிக்குப் பரிசோதனை வரும்," என்றார் என்னிடம். அவர் குரலில் கோபமே இல்லை. "குளிர்விக்கிற தண்ணி பம்பு போயிடுச்சு. அதை மாத்தாம கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"போட மாட்டேன் தம்பி."

அன்று மதியம் கெலெரா கொடுத்த என் பொட்டலத்தில் கிழங்கு மட்டும் இருந்தது. மீன் இல்லை.

லேடி அனாசீனியில் என்னை நல்லபடியாக வரவேற்றார்கள். கப்பல் ஆட்கள் பாதிப் பேர் தங்கள் விண்ணப்பங்களில் என்னைத் தொடர்பாகக் காட்டியவர்கள். முதலாளியின் மேலாளர் எந்திர அறைக்கு அழைத்துப் போனார். வெப்பமும் எண்ணெய் வாடையும்.

"பம்பு எங்க இருக்கு?" என்று கண்டிப்பாகக் கேட்டேன்.

"அதோ, பச்சையா இருக்குதே சார்."

பார்த்தேன். எல்லாமே பச்சையாக இருந்தது. முதல் நாள்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எது பம்பு என்று மறுபடியும் கேட்டால் பரிசோதகரைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"மாத்தியாச்சா?"

"புத்தம் புதுசா இருக்குதே, பார்க்கறீங்கல்ல சார்."

புதிதாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வாசலில் கெலெரா தானாகவே என்னிடம் பேசினாள். எமோசி தொலைபேசியில் பேசினாராம்.

"தோட்டத்துல எறங்கின அன்னைக்கே மேஸ்திரி ஊரைக் கேட்டிருக்கான். கண்டாவுக்காரனாம். சொந்தம் வந்துடுச்சு. ஆப்பிளைத் தொடவே விடலையாம் அண்ணே. டிராக்டர் எஞ்சின் எல்லாம் இவருதான் பார்க்கறாரு. சம்பளம் ஒண்ணரை மடங்கு."

"நல்லது. புள்ளை?"

"நேத்து நடந்துச்சு," என்றாள். "ஃபோனைப் பார்த்து நடந்துச்சு."

அந்த வாரம் வடக்குத் தீவில் உள்ள லம்பாசாவில் என் தங்கை மகள் திருமணம். போவதற்கு அன்று ஒரே கப்பல்தான் இருந்தது. நான் ஏறியபோது லேடி அனாசீனியின் மேல்தளம் முழுக்கப் பாய் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள், கோழிகள், கேக் பெட்டிகள், தூங்கும் குழந்தைகள். நல்ல வெயில். கரை கண்ணிலிருந்து மறைந்ததும் ஒரு கவாப் பாத்திரம் நடுவில் வந்தது. என் எதிரே இருந்த பெரியவர் சிரட்டையை நீட்டினார்.

"பழைய கப்பலாச்சே, தாங்குமா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"பரிசோதனை பண்ணியிருக்காங்க," என்றேன்.

"யாரு பண்ணினது? விவரம் தெரிஞ்ச ஆளா?"

நான் சிரட்டையைக் குடித்து முடித்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" பெரியவரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார். "கேட்டீங்களா? பரிசோதிச்சவரு இவருக்குத் தெரிஞ்சவராம்."

செய்தி பாய் பாயாகப் பரவியது. ஒருத்தி தூங்கும் பிள்ளையை நன்றாக மடியில் சாய்த்துக்கொண்டாள். இன்னொருவர் காலை நீட்டிப் படுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு எல்லோரும் நிம்மதியாகப் பேசத் தொடங்கினார்கள்.

அப்போது சத்தம் நின்றது.

கப்பல் லேசாகத் திரும்பி அலையோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. கீழேயிருந்து புகை வந்தது. பணியாளர் ஒருவர் படியேறி ஓடிவந்து, எஞ்சின் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா, எஞ்சின் தெரிஞ்சவங்க, என்று கூவிக்கொண்டே போனார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் பதற்றமும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெரிந்த ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று பெரியவர் பணிவாகக் கேட்டார்.

சட்டைப்பையில் புது அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஆளுக்கொன்று கொடுத்தேன்.